ஆக்டேவியா விஆர்எஸ்ஸுக்குக் காயில்ஓவர்: வீட்டுக் கொட்டகையிலேயே மாட்டலாமா?

பள்ளத்தூரான்:

அண்ணன்மாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 2017 ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 (ஆக்டேவியாவின் வேக ரகம்), செகண்ட் ஹேண்டில் எடுத்தது. டிக்கி கண்ணாடியோடு சேர்ந்து திறக்கிற வண்டி எப்படிச் செடான் ஆகும் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். எங்கள் ஊரில் பின்னால் டிக்கி துருத்திக்கொண்டிருந்தால் செடான்தான்.

பின்பக்க ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிகிறது. முன்னால் கசிவு இல்லை, ஆனால் குன்றக்குடிப் பக்கம் போகும்போது பள்ளத்தில் இறங்கினால் டொக்கென்று அடிக்கிறது. நான்கையும் கம்பெனி ஷாக்காகவே மாற்றுகிற காசுக்கு மேலே கொஞ்சம் போட்டால், உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் செட்டே, அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்டே, வந்துவிடும் போலிருக்கிறது. ஒரு பட்டறையில் மாட்டுக்கூலி கேட்டேன். சொன்ன தொகையைக் கேட்டதும் மரியாதையாகப் போனை வைத்துவிட்டேன்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற பழைய வீடு. பின்கட்டுக்கு அந்தப் பக்கம் ஐயா காலத்து வண்டிக் கொட்டகை, கார் தாராளமாக நிற்கும். அப்பச்சி வளவைப் புதுப்பித்தபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கல்லை அந்தக் கொட்டகையில் பாதித் தரைக்குப் பதித்துவிட்டார். மீதிப் பாதி செம்மண்.

அந்தக் கல்லில் ஜாக் வைத்தால் தாங்குமா? கல் உடைவதைவிடக் கார் உடைந்தால் தேவலை என்பது ஆத்தாவின் கட்சி. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸர் கட்டாயம் வேண்டுமா? எவ்வளவு இறக்கலாம்? டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் எனக்குப் போதும்.

மானகிரி எக்ஸ்பிரஸ்:

நண்பா, யோசிக்கவே வேண்டாம். 50 மி.மீ. இறக்கு. டயர் மட்கார்டுக்குள் போய் உட்கார்ந்தால்தான் விஆர்எஸ்ஸுக்கு அழகு. முடித்ததும் போட்டோ போடு.

தேவகோட்டை ரஸ்தா:

மானகிரித் தம்பி சொல்வதைக் கேட்காதே. விஆர்எஸ் சாதாரண ஆக்டேவியாவைவிடத் தாழ்வாகவே வருகிற வண்டி. அதற்கு மேல் 50 இறக்கினால் போட்டோவில் நன்றாகத்தான் இருக்கும், பிறகு அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம். சாலை அளவுகளை வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அகலம் இருந்தால் தாழ்ந்த வண்டியும் ஏறி இறங்கிவிடும். நம் ஊர்த் தெருக்களில் போட்டிருப்பது அதே உயரம், அகலத்தில் மட்டும் ஒரு முழம். முன் சக்கரம் இறங்கியதும் வயிறு தட்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், ஷாக் தண்டு உள்ளே போக மிச்சமிருக்கிற தூரம். ரொம்ப இறக்கினால் வண்டி பாதி நேரம், ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பர் மேலேயே உட்கார்ந்து ஓடும். ஸ்பிரிங்குக்குக் கொடுத்த காசெல்லாம் வீண். என் கணக்கு, இப்போது இருப்பதிலிருந்து 20 மி.மீ., மிஞ்சினால் 25. இரண்டு விரல் ஆசையை முன்பக்கம் மட்டும் வைத்துக்கொள். பின்னால் ஆள் ஏறிச் சாமானும் ஏற்றினால் அது ஒரு விரலாகிவிடும்.

ஆர்டர் போடுமுன் வெர்னியரை எடுத்து முன் ஸ்டிரட் (முன்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக நிற்கிற கம்பம்) குழாயின் விட்டத்தை அள. இந்தத் தலைமுறை ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் 50 மி.மீ., 55 மி.மீ. என்று இரண்டு உண்டு. உன்னுடையது பின்னால் மல்டி லிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல கைகள் தனித்தனியே பிடிக்கிற அமைப்பு) என்பதால் 55ஆக இருக்க வேண்டும். தப்பான செட் வந்தால் சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளுக்குள் போகாது, அல்லது போய் ஆடும். காயில்ஓவர் செய்கிற கேடபிள்யூ கம்பெனியில் வேரியன்ட் 1 உயரம் மட்டும், 2இல் ரீபவுண்டும் (ஷாக் நீளும்போது உள்ள இறுக்கம்) மாறும், 3இல் கம்ப்ரஷனும் (அமுங்கும்போது உள்ள இறுக்கம்) சேரும். பில்ஸ்டீன் கம்பெனியில் பி14 உயரம் மட்டும், பி16இல் டாம்பிங்கும் (ஷாக்கின் இறுக்கம்) உண்டு. உனக்கு உயரம் மட்டும் மாறுகிற செட்டே போதும். திருகு அதிகமானால் உட்கார்ந்து திருகிக்கொண்டே இருப்பாய்.

தரை விஷயத்தில் ஆத்தா கட்சிதான் சரி. ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கிற சிமெண்ட் கல். காலால் நடக்க நூறு வருஷம் தாங்கும். ஜாக் ஸ்டாண்டின் நான்கு கால்முனையில் மொத்தப் பாரமும் இறங்கினால் விரிசல் விட்டுவிடும். செம்மண்ணோ அமுங்கும், அது இன்னும் மோசம். நான்கு ஸ்டாண்டும் கல் பக்கமே நிற்கட்டும், ஒவ்வொன்றின் கீழும் ஸ்டாண்டைவிட அகலமான கனத்த பலகை போடு. உங்கள் வீட்டு மச்சில் பர்மா தேக்கு கிடக்காமல் இருக்காது. வண்டியைத் தூக்கியதும் இரண்டு கையாலும் பலமாக ஆட்டிப் பார். அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி வை. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கிற ஆளாக இருந்தால் இதற்கு மேல் படிக்காதே.

முன்பக்கம்தான் வேலை. வைப்பர் கை இரண்டையும் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால்தான் ஸ்டிரட்டின் தலையில் உள்ள மூன்று போல்ட் தெரியும். அவற்றைக் கடைசியில் தொடு. கீழே லிங்க் ராடு, ஏபிஎஸ் வயர் பிடித்த கிளிப், அப்புறம் லோயர் ஆர்மில் (சக்கரத்தைக் கீழே பிடிக்கிற கை) பால் ஜாயின்டைப் பிடிக்கிற மூன்று நட்டு. நட்டைத் தளர்த்துமுன் பால் ஜாயின்ட் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிப் பெயின்ட்டால் கோடு போட்டுவிடு. துளையில் சிறு இடைவெளி இருப்பதால் வேறு இடத்தில் உட்கார்ந்தால் கேம்பர், அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கிற கோணம், மாறும்.

ஸ்டிரட் குழாயை நக்கிள் ஒரு பிளவால் கவ்விக்கொண்டிருக்கும். பிஞ்ச் போல்ட்டை உருவிவிட்டு, பிளவில் ஸ்பிரெடர் பிட்டைச் செருகிக் கால் சுற்று திருப்பினால் கவ்வல் விடும். அப்புறம் நக்கிளைக் கீழ்நோக்கித் தட்ட வேண்டும். உளியை அடித்துப் பிளவை விரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அந்த வேலை வேண்டாம். நக்கிள் இறங்கும்போது ட்ரைவ் ஷாஃப்ட் வெளியே இழுபடாதபடி ஒரு கையால் பிடித்துக்கொள். பிரேக் குழாயில் எந்தப் பாரமும் தொங்கக் கூடாது. எக்ஸ்இசட்என் என்கிற பன்னிரண்டு முனை பிட் செட் முன்கூட்டியே வாங்கி வை. ஆலன் கீயை வைத்துச் சமாளித்தால் போல்ட் தலை வழுக்கிவிடும்.

கம்ப்ரஸர் கட்டாயமா என்று கேட்டாய். கட்டாயம். புதுச் செட்டில் ஸ்பிரிங் குட்டையானது, பெரும்பாலும் கையாலேயே கூட்டிவிடலாம். ஆனால் பெரும்பாலான செட்டில் கம்பெனி டாப் மவுண்டையும் பேரிங்கையும்தான் திரும்பப் போட வேண்டியிருக்கும், அவை பழைய ஸ்டிரட்டின் தலையில் இருக்கின்றன. பழைய ஸ்பிரிங்கில் எதிரெதிரே கம்ப்ரஸரின் இரண்டு கொக்கியையும் போட்டு, இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று என்று மாற்றி மாற்றித் திருகு. ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு லேசாகி, விரலால் தள்ளினாலே சுழலும். அது சுழலாமல், தண்டின் தலையில் உள்ள நடு நட்டைத் தொடக் கூடாது. அந்தத் தலைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகவும் கூடாது. புதுசில் நடு நட்டை முறுக்கும்போது இம்பாக்ட் கன் வேண்டாம், தண்டு சுழன்று உள்ளே சீல் கெடும். தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டைக் கையால் முறுக்கு.

பின்பக்கம் சுலபம். ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக் கொடுத்து, போல்ட்டை எடுத்து, மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தானே வெளியே வரும்.

டார்க் (முறுக்கு விசை) போட்ட பிறகு டிகிரிக் கணக்கில் திருப்புகிற போல்ட்டெல்லாம் இழுபட்டு நீண்டவை. எல்லாவற்றையும் புதிதாக வாங்கு. எண்களை உன் வண்டியின் வொர்க்‌ஷாப் மேனுவலில் இருந்து எடு, யூடியூபில் இருந்து எடுக்காதே. சக்கர போல்ட் மட்டும் சொல்கிறேன், 120 நியூட்டன் மீட்டர்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்காதே. ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், தரையில் இறக்கியதும் எப்போதும் இழுத்துக்கொண்டே இருந்து கிழியும். உயரத்தையும் தப்பாகக் காட்டும். அடியில் ஜாக் கொடுத்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நீ வேண்டும் என்கிற அளவு வந்ததும் முறுக்கு. பட்டறைக்காரர்களில் பாதிப் பேர் செய்யாத வேலை இது. வீட்டில் செய்வதில் எனக்குத் தெரிந்த ஒரே லாபமும் இதுதான்.

கோட்டையூர் சர்வேயர்:

நான் வாகன இன்சூரன்ஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. ஆகவே ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாலிசி கொடுத்த கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வையுங்கள். வாயால் ஏஜென்டிடம் சொன்னது கிளெய்மில் செல்லாது. பழைய ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் விற்றுவிடாதீர்கள், வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.

பள்ளத்தூரான்:

எல்லாருக்கும் நன்றி. கம்ப்ரஸரைக் காரைக்குடியில் வாடகைக்குக் கேட்டிருக்கிறேன். தேக்குப் பலகை மச்சில் இருக்கிறது, ஆத்தாவிடம் இன்னும் பேசவில்லை. இரண்டு சந்தேகம். நம் செம்மண் தூசி அந்தத் திருகு மரையில் அடைந்துகொள்ளாதா? கிரீஸ் பூசிவிடட்டுமா? முகப்பு விளக்கு எல்இடி, அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

தேவகோட்டை ரஸ்தா:

கிரீஸ் பூசினால் தூசி அதிலேயே ஒட்டி அரைத்த சாந்து மாதிரி ஆகிவிடும். உயரம் வைத்து முடித்ததும் மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, காய்ந்து போகிற வகை லூப்ரிகன்ட் அடி. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை உயரத்தைப் பூட்டுகிற லாக் ரிங்கைத் தளர்த்தி நகர்கிறதா பார். தொண்டி, ராமேசுவரம் என்று அடிக்கடி போகிற ஆள் என்றால் ஸ்டெயின்லெஸ் குழாய் உள்ள செட்டாக எடு. உப்புக்காற்று எதையும் விடாது. காரைக்குடி சிக்ரிக்காரர்கள் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் துருவை ஆராய நிலையம் வைத்திருப்பது அதனால்தான்.

விளக்குக்கு, சஸ்பென்ஷன் கையோடு ஒரு சிறு கம்பி இணைந்திருக்கும், அதுதான் வண்டி உயரத்தைச் சொல்கிற சென்சார். கழற்றும்போது வளைத்துவிடாதே. வேலை முடிந்ததும் ஸ்கேன் கருவி வைத்திருப்பவரிடம் விளக்குக்கு அடிப்படை செட்டிங் செய்யச் சொல்.

அலைன்மென்ட் உடனே போகாதே. கொஞ்ச நாள் ஓட்டினால் ஸ்பிரிங் உட்காரும், அப்புறம் நான்கு பக்கமும் உயரம் அளந்து சரிபார்த்துவிட்டுப் போ. பின் சக்கரத்தின் டோவையும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு) கேம்பரையும் சேர்த்துச் செய்கிற கடையாகப் பார். முன்பக்கம் மட்டும் பார்த்து அனுப்புகிற கடை வேண்டாம். அவர்கள் கொடுக்கிற தாளை இங்கே போடு, பின் டோ எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன்.