லூசி சீமாட்டியின் அப்பா யார்? அவசர உதவி தேவை

மைக்கூடு:
வணக்கம். லூசி சீமாட்டியின் அப்பா பெயர் மூன்று தளங்களில் மூன்று விதமாக இருக்கிறது. டூம்ஸ்டேயில் தேடினால் லூசி பெயரே இல்லை. ஆனால் ஏகப்பட்ட நிலம் இருந்ததாம். எங்கே தேடுவது? ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டுரையை முடிக்க வேண்டும்.

ஓலைச்சுவடி77:
எந்த லூசி? எந்த நூற்றாண்டு? இங்கிலாந்தில் லூசிகளுக்குப் பஞ்சமே இல்லை.

கரிசல்காரன்:
ஊர், கணவர் பெயர்? அந்த மூன்று பெயர்கள் என்னென்ன?

பழைய ஏடு:
தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மேலே ஒட்டி வைத்திருக்கும் பதிவைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். டூம்ஸ்டே என்பது 1086-இல் எடுத்த நிலக் கணக்கு. வம்சாவளி அல்ல. மனைவி வழியில் வந்த நிலமும் பெரும்பாலும் கணவன் பெயரில்தான் நிற்கும். இதையெல்லாம் எத்தனை தடவை எழுதுவது?

மைக்கூடு:
மன்னிக்கவும். லிங்கன்ஷயர், போலிங்புரோக் லூசி. முதல் கணவர் ஐவோ டெயில்பாய்ஸ், அடுத்து ரோஜர் ஃபிட்ஸ்ஜெரால்ட், அப்புறம் ரானல்ஃப் (பிற்பாடு செஸ்டர் ஏர்ல், அதாவது பெரும் பிரபு, ஆனவர்). அப்பா பெயர் ஒன்றில் மெர்சியா ஏர்ல் எல்ப்கார், ஒன்றில் லிங்கன் ஷெரீப் (அரசரின் மாவட்ட அதிகாரி) துரோல்ட், இன்னொன்றில் வில்லியம் மாலே. நான் தம்பி இல்லை.

கரிசல்காரன்:
அப்படியானால் வேலை சுலபம். நிலம் வைத்திருந்தவர் இறந்ததும் என்ன நிலம், யார் வாரிசு, வாரிசுக்கு என்ன வயது என்று அரசர் ஆட்கள் விசாரித்து எழுதுவார்கள். அந்த விசாரணை ஏடுகளில் பாருங்கள். நான் எப்போதும் அங்கேதான் தொடங்குவேன்.

பழைய ஏடு:
அந்த ஏடுகள் மூன்றாம் ஹென்றி காலத்தில்தான் தொடங்குகின்றன, 13ஆம் நூற்றாண்டில். லூசி இறந்தது 1138 வாக்கில். எப்போதும் அங்கேயே தொடங்கினால் இப்படித்தான்.

நீர்முள்ளி:
எல்ப்கார்தான். குரோலண்ட் மடத்து வரலாற்றில் தெளிவாக இருக்கிறது. லிங்கன்ஷயரின் ஸ்பால்டிங் ஊர் 1066 நார்மன் படையெடுப்புக்கு முன்னால் எல்ப்கார் கையில், 1086-இல் ஐவோ கையில். மாமனார் சொத்து மாப்பிள்ளைக்கு வந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஓலைச்சுவடி77:
இங்கல்ஃப் என்ற 11ஆம் நூற்றாண்டு மடாதிபதி எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும் அந்த வரலாறு ஒரு பிற்காலப் போலி. நிலம் கைமாறியதும் சாட்சி ஆகாது. 1066-க்குப் பிறகு பாதி இங்கிலாந்து அப்படித்தான் கைமாறியது. வயதையும் பாருங்கள். எல்ப்கார் 1062 வாக்கில் இறந்துவிட்டார். 1130 பைப் ரோலில் (அரசருக்கு வர வேண்டிய பணத்தின் வருஷக் கணக்கு), ஐந்து வருஷத்துக்குத் தன்னை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தாமல் இருக்க லூசி 500 மார்க் கொடுக்க ஒப்புக்கொள்கிறார். எல்ப்கார் மகளென்றால் அப்போது வயது 67க்குக் குறையாது.

நீர்முள்ளி:
67 ஆனால் என்ன? மாப்பிள்ளைக்கு வேண்டியது பெண்ணா, நிலமா?

ஓலைச்சுவடி77:
அதுவும் சரிதான். ஆனால் மூன்றாம் கல்யாணமே 1098 வாக்கில், அதற்கப்புறமும் குழந்தைகள். இந்த வயதுச் சிக்கல் தாங்காமல்தான் முன்பு சிலர் லூசி என்று தாயும் மகளுமாக இரண்டு பேர் இருந்ததாகவே சொல்லிப் பார்த்தார்கள்.

தேங்காய்பன்:
நடுவில் ஒரு சந்தேகம். மார்க் ஜெர்மன் காசு இல்லையா?

கரிசல்காரன்:
அந்தக் கால இங்கிலாந்தில் அப்படி ஒரு காசே கிடையாது, கணக்குக்கு மட்டும்தான். ஒரு மார்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 160 பென்ஸ்.

வயல்வரப்பு:
அந்தக் கணக்கு இங்கே உதவும். அதே ரோலில் லூசி தன் அப்பாவின் நிலத்துக்காக 266 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸுக்குக் கணக்குக் காட்டுகிறார். விநோதத் தொகையாகத் தெரிந்தாலும் சரியாக 400 மார்க். ஆகவே நிலம் அப்பா வழியில் வந்தது உறுதி. அப்பா பெயரைத்தான் எழுத்தர் எழுதவில்லை.

பெயருக்கு இரண்டு இடம் பாருங்கள். ஸ்பால்டிங் மடத்துச் சாசனங்களில் ஷெரீப் துரோல்ட் லத்தீனில் ‘அன்டெசெஸ்ஸர்’ என்று வருகிறார். முன்னோர் என்றும் கொள்ளலாம், நிலத்தை முன்பு வைத்திருந்தவர் என்றும் கொள்ளலாம். அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அடுத்தது 1153, டிவைசஸ் ஊரில் எழுதிய சாசனம். பிற்பாடு அரசர் இரண்டாம் ஹென்றியாகப் போகும் நார்மண்டி டியூக், லூசியின் மகன் ரானல்ஃபுக்கு (அப்பா பெயரேதான்) ஐ என்ற ஊரைத் தலைமையாகக் கொண்ட பண்ணைத் தொகுதியைக் கொடுக்கிறார். ரானல்ஃபின் ‘தாயின் அவன்குலஸ்’ ராபர்ட் மாலே வைத்திருந்தபடியே கொடுக்கிறாராம். ஆங்கிலத்தில் அங்கிள் என்று போட்டுக் குழப்புவார்கள். அவன்குலஸ் என்றால் தாய்மாமன். லூசியின் அம்மா, ராபர்ட் மாலேயின் உடன்பிறந்தவர். ராபர்ட்டின் அப்பா வில்லியம் மாலே.

உங்கள் மூன்று பெயரில் இரண்டு ஒரே குடும்பம். துரோல்ட் அப்பா, வில்லியம் தாத்தா. இன்று ஆய்வாளர்கள் பலரும் இந்தப் பக்கம்தான்.

பழைய ஏடு:
அவன்குலஸ் என்று சித்தப்பா பெரியப்பாவுக்கும் எழுதிய இடங்கள் உண்டு. லத்தீனைத் தமிழ் உறவுமுறையில் போட்டு அளக்க முடியாது.

வயல்வரப்பு:
உண்டு. அப்போதும் வில்லியம் தாத்தாதான், அப்பா ஆக முடியாது. ஆனால் அப்பா மாலே வீட்டு ஆள் என்றால் துரோல்ட்டை எங்கே உட்காரவைப்பீர்கள்?

நீர்முள்ளி:
டெயில்பாய்ஸ் என்று எழுதுவதே தப்பு. பிரெஞ்சுப் பெயர். தாய்புவா.

தேங்காய்பன்:
அந்தக் கால நார்மன்காரன் இந்தக் காலப் பாரிஸ்காரன் மாதிரியா பேசினான்?

நீர்முள்ளி:
பின்னே லண்டன்காரன் மாதிரி பேசினானா?

கரிசல்காரன்:
ஐவோவா இவோவா என்றும் ஒரு முடிவுக்கு வந்துவிடலாமே.

பழைய ஏடு:
பெயர் உச்சரிப்புக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போங்கள்.

ஓலைச்சுவடி77:
மைக்கூடு, இருக்கிறீர்களா? கிடைத்ததா?

மைக்கூடு (ஒன்பது நாள் கழித்து):
மன்னிக்கவும், மறந்தே போனேன். துரோல்ட் மகள், தாய் வழி மாலே என்று போட்டுவிட்டேன். எல்ப்கார் பற்றி ஒரு வரி மட்டும். எல்லோருக்கும் நன்றி. கட்டுரையில் டெயில்பாய்ஸ் எல்லாவற்றையும் யாரோ தாய்புவா என்று மாற்றியிருக்கிறார்கள்.