புதுப்பிப்பு: கொரிய ஐடல் நிகழ்ச்சிகள் பற்றி என் கருத்து மாறிவிட்டது

போன வாரம், ஐடல்கள் எனப்படும் கொரிய பாப் பாட்டுக் குழுவினர் விருந்தினராக வந்து விளையாடும் 'வீக்லி ஐடல்' நிகழ்ச்சியை முதன்முதலாகப் பார்த்துவிட்டு, ஒரே சத்தம், திரை முழுக்க எழுத்து, யார் யாரென்றே புரியவில்லை என்று எழுதியிருந்தேன். இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்றீர்கள். பார்த்தேன், பிடித்துவிட்டது.

காரணம் அதில் வரும் 'ரேண்டம் பிளே டான்ஸ்' என்ற ஆட்டப் பகுதி. வந்திருக்கும் குழுவின் பாடல்களை வரிசையில்லாமல், நடுநடுவே வெட்டிப் போடுகிறார்கள். பாட்டு மாறிய நொடியில் ஒவ்வொருவரும் அந்த வரிக்குத் தான் நிற்க வேண்டிய இடத்துக்கு ஓட வேண்டும். தவறினால் பொம்மைச் சுத்தியலால் ஒரு தட்டு! 2016-இல் ஜிஃபிரண்ட் என்ற பெண்கள் குழு வந்தபோது பாட்டையே இரட்டை வேகத்தில் ஓடவிட்டார்கள். ஆறு பேரும் மூச்சிரைக்க ஆடியதை மூன்று முறை திரும்பப் பார்த்தேன். எவ்வளவு பயிற்சி இருந்தால் உடம்புக்கு அப்படி ஞாபகம் வரும்!

அந்த எழுத்துகளும் வெறும் வசனம் இல்லை. ஒருவர் திருதிருவென முழித்தால் அதையும் எடிட்டர் எழுதிக் காட்டுகிறார். நான் முதலில் பார்த்த பிரதியில் அவை மொழிபெயர்க்கப்படவில்லை, அதுதான் சிக்கல்.

அப்புறம், பார்வையாளர் வாக்கால் புதிய ஐடல் குழுவைத் தேர்ந்தெடுத்த 'புரொட்யூஸ் 101' போட்டித் தொடரைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு: அந்தத் தொடரின் வாக்கு மோசடி 2019-இல் வெளியே வந்தது. நியாயமாக வாக்கு வாங்கியும் தோற்ற பிள்ளைகளை நினைத்தால் மனசு கேட்கவில்லை. அதை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.