ஸ்பெக்ட்ரம் 48கே: 16 வரிசை உருவம் திரையில் சிதறி விழுகிறது

கேள்வி:
ஸ்பெக்ட்ரம் 48கே என்ற பழைய வீட்டுக் கணினியில், அதன் இசட்80 செயலிக்கான அசெம்பிளி மொழியில், 16 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்ட ஓர் உருவத்தைத் திரையின் மேல் இடது மூலையில், அதாவது 16384ஆம் முகவரியிலிருந்து வரைய முயல்கிறேன். ஒரு வரிசையின் 256 புள்ளிகள் 32 பைட்டுகளில் அடங்குவதால், ஒவ்வொரு வரிசை முடிந்ததும் வரிசைத் தொடக்க முகவரியுடன் 32 கூட்டுகிறேன். ஆனால் உருவம் சீப்புப் பற்களைப் போல 8 வரிக்கு ஒரு கீற்றாகப் பரவுகிறது. ஒன்பதாவது வரிசையோ மேலே ஏறி முதல் கீற்றின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. உருவத் தரவைச் சரிபார்த்துவிட்டேன், அதில் பிழையில்லை. வேறு எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1:
ஸ்பெக்ட்ரமின் திரை நினைவகம் மேலிருந்து கீழாக வரிசைக்கிரமத்தில் அமைந்ததன்று. 32 கூட்டினால் அடுத்த எழுத்து வரிக்கு, அதாவது 8 புள்ளி வரிசை கீழே தாவுகிறீர்கள்; அடுத்த புள்ளி வரிசைக்கு 256 கூட்ட வேண்டும். முகவரி எச், எல் என்ற இரு பதிவகங்களின் (செயலிக்குள் இருக்கும் ஒரு பைட் சேமிப்பிடங்கள்) இணையில் இருப்பதாலும், எச் அதன் மேல் பைட் என்பதாலும், எச் பதிவகத்தில் ஒன்று கூட்டினாலே போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மேல் 8 வரிசைகள் சரியாக வந்துவிட்டன. ஆனால் கீழ்ப் பாதி திரையின் மேல் விளிம்பிலிருந்து 64 வரிசை தள்ளிப் போய் விழுகிறது.

பதில் 2:
மேலே சொன்னது 8 வரிசை உயரமுள்ள ஓர் எழுத்துக் கட்டத்துக்குள் மட்டுமே செல்லும். 192 வரிசைகளும் 64 வரிசை கொண்ட மூன்று பகுதிகளாகப் பிரிந்துள்ளன. எச் பதிவகத்தின் கடைசி மூன்று பிட்டுகள் கட்டத்துக்குள் எத்தனையாவது வரிசை என்பதையும், அவற்றுக்கு முந்தைய இரண்டு பிட்டுகள் எந்தப் பகுதி என்பதையும் குறிக்கின்றன. பகுதிக்குள் எந்த எழுத்து வரி என்பதோ எல் பதிவகத்தின் முதல் மூன்று பிட்டுகளில் இருக்கிறது. ஆகவே எச்சைக் கூட்டியபின் அதன் கடைசி மூன்று பிட்டுகளும் சுழியமானால், எல் பதிவகத்துடன் 32 கூட்டுங்கள். அப்போது கேரி (கூட்டுத்தொகை 255ஐத் தாண்டியதைக் காட்டும் குறி) வராவிட்டால் எச்சிலிருந்து 8 கழியுங்கள். கேரி வந்தால் அடுத்த பகுதிக்குள் சரியாகவே நுழைந்துவிட்டீர்கள், எச்சைத் தொட வேண்டாம்.

உருவங்கள் பல நகரும் விளையாட்டு என்றால், 192 வரிசைகளின் தொடக்க முகவரிகளையும் 384 பைட் அட்டவணையாக முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன். சோதித்துப் பார்க்க ஒன்று: மேல் வரிசையை 0 என எண்ணினால், 100ஆம் வரிசையின் தொடக்கம் 19584 என்று வர வேண்டும்.

வண்ணம் தீட்டும்போது இந்தச் சுற்றுவழி எதுவும் வேண்டாம். 22528இல் தொடங்கும் 768 வண்ண பைட்டுகள் நேர்க்கிரமத்தில் இருப்பதால், அங்கே உங்கள் பழைய 32 கூட்டலே சரியானது.