மறு: ஆப்ஷன், கால், புட்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம்.

ஆப்ஷன், கால், புட் என்ற பங்குச்சந்தைச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்ஷனுக்கு இதுவரை வந்திருக்கும் பரிந்துரைகள் விருப்பத்தேர்வு, விருப்ப ஒப்பந்தம், தெரிவு ஒப்பந்தம், விருப்புரிமை ஆகிய நான்கு. முதல் மூன்றில் எனக்கு உடன்பாடில்லை. ஓசையோ இலக்கணமோ காரணமில்லை. புதிதாகப் பங்குச்சந்தைக்குள் வருகிறவருக்கு எது தெரிந்தே ஆகவேண்டுமோ அதை இந்த மூன்று சொற்களும் மறைத்துவிடுகின்றன.

ஆப்ஷன் வாங்குகிறவர் என்ன வாங்குகிறார்? ஒரு பங்கை, இன்ன விலையில், இன்ன தேதிக்குள் வாங்கவோ விற்கவோ ஓர் உரிமையைக் காசு கொடுத்து வாங்குகிறார். அதைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமல் விட்டும்விடலாம், யாரும் கேட்கமுடியாது. இதுவரைக்கும் விருப்பம் என்ற சொல் பொருந்துகிறது. ஆனால் எதிர்ப்பக்கம் ஒருவர் அந்தக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு விருப்பம் என்று எதுவுமே கிடையாது. இவர் கேட்டால் அவர் கொடுத்தே ஆகவேண்டும். ‘விருப்ப ஒப்பந்தம் ஒன்றை விற்றேன்’ என்று எழுதினால், விற்றவருக்கும் வேண்டாம் என்று சொல்ல வழி இருப்பதாகத்தான் படிக்கிறவர் நினைப்பார். உரிமை என்று சொன்னால் அந்தக் குழப்பம் வராது. ஒருவருக்கு உரிமை என்றால் அதை நிறைவேற்றும் பொறுப்பு இன்னொருவருக்கு என்பது நமக்குப் பழகிய விஷயம்.

எண்களை வைத்துப் பார்ப்போம். பங்கு இப்போது 100-இல் இருக்கிறது. அதை 100-க்கு வாங்கும் உரிமையை ஒருவர் 6 கொடுத்து வாங்குகிறார். கடைசி நாளில் பங்கு 80-க்கு இறங்கிவிட்டால் உரிமையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார், போனது 6 மட்டும். பங்கு 150-க்கு ஏறிவிட்டால் 100-க்கு வாங்கி 150-க்கு விற்கலாம், கொடுத்த 6 போக 44 மிச்சம். அந்த 44 எங்கிருந்து வருகிறது? உரிமையை விற்றவரின் பையிலிருந்து. பங்கைக் கையில் வைத்திருக்காமல் அவர் விற்றிருந்தால், 150-க்கு வாங்கி 100-க்குக் கொடுக்கவேண்டும், வாங்கிய 6-ஐக் கழித்தால் 44 நட்டம். பங்கு 300-க்குப் போனால் 194. மேலே எல்லையே இல்லை. ஆரம்பத்தில் இருப்பவர்கள் ‘சும்மா 6 வருகிறதே’ என்று உரிமையை விற்கப் போய் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நம் சொல் இந்த இடத்தில் அவர்களை எச்சரிக்கவேண்டும் என்பதே என் ஒரே அக்கறை.

சரி, விருப்புரிமையில் உரிமை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதிகாரி தன் முடிவுப்படி செயல்படும் அதிகாரத்துக்கு அந்தச் சொல் நிர்வாகத் தமிழில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. வெறுமனே உரிமை ஒப்பந்தம் என்றால், நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கே புதிதாகக் கொடுக்கும் உரிமைப் பங்கோடு முட்டும். ஆகவே பொதுச்சொல்லாகத் ‘தெரிவுரிமை’ என்பதை முன்வைக்கிறேன்.

ஆனால் பொதுச்சொல்லைப் பற்றி இவ்வளவு அடித்துக்கொள்ளத் தேவையில்லை என்றும் தோன்றுகிறது. சந்தையில் யாரும் வெறும் ஆப்ஷனை வாங்குவதில்லை, கால் (பங்கை வாங்கும் உரிமை) வாங்குகிறார்கள் அல்லது புட் (பங்கை விற்கும் உரிமை) வாங்குகிறார்கள். 1973 ஏப்ரலில் சிகாகோவில் ஆப்ஷனுக்கென்றே தனிச் சந்தை தொடங்கியபோது 16 நிறுவனங்களின் பங்குகளுக்கான கால் மட்டும்தான் விற்றார்கள், புட் அங்கே வந்தது 1977-இல். நான்கு வருடம் ஒன்று இல்லாமல் இன்னொன்று ஓடியிருக்கிறது. அதனால் ‘வாங்கும் தெரிவுரிமை’, ‘விற்கும் தெரிவுரிமை’ என்று பெரிய சொல்லுக்கு அடைமொழி ஒட்டிக்கொண்டிருக்காமல், இரண்டுக்கும் நேரடியாகத் தனிப்பெயர் வைத்துவிடலாம்:

காலுக்கு வாங்குரிமை. புட்டுக்கு விற்புரிமை.

> வாங்குரிமை என்றால் ‘வாங்கிய உரிமை’ என்று படித்துவிட மாட்டார்களா?

நல்ல கேள்வி. வாக்குரிமை, சொத்துரிமை, வாழ்வுரிமை எல்லாவற்றிலும் எதற்கான உரிமை என்பதை முதல்பாதி சொல்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

> விற்புரிமையை விற்றவர் வாங்கவேண்டும் என்று எழுதினால் தலை சுற்றுகிறது.

சுற்றத்தான் செய்யும், ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கும் அங்கேதான் சுற்றுகிறது. ஆனால் இதற்கு வழி இருக்கிறது. உரிமையை வாங்கியவரை உரிமையாளர் என்போம். விற்றவரை ‘எழுதியவர்’ என்று சிலர் ஆங்கிலத்தை அப்படியே பெயர்க்கிறார்கள், அது வேண்டாம், ‘பொறுப்பேற்றவர்’ என்போம். இப்போது எழுதிப் பாருங்கள்: விற்புரிமைக்குப் பொறுப்பேற்றவர், உரிமையாளர் பங்கைக் கொண்டுவந்து கொடுத்தால் பேசிய விலைக்கு வாங்கிக்கொள்ளவேண்டும். வாங்குரிமைக்குப் பொறுப்பேற்றவர், உரிமையாளர் கேட்டால் பேசிய விலைக்குக் கொடுக்கவேண்டும். தலைசுற்றல் போய்விடுகிறது. மார்ஜின் எனப்படும் ஈட்டுத்தொகையை உரிமையை விற்றவரிடம் ஏன் கேட்கிறார்கள், உரிமையின் முழு விலையையும் கொடுத்து வாங்கியவரிடம் ஏன் கேட்பதில்லை என்பதும் தானாக விளங்கும். பொறுப்பு யாருக்கோ அவர்தானே ஈடு கட்டவேண்டும். (மார்ஜினை ‘விளிம்பு’ என்று பெயர்க்கும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. தயவுசெய்து யாரும் அதை எடுத்தாளாதீர்கள்.)

பேசிய விலை என்று மேலே எழுதினேன், அது ஸ்ட்ரைக் விலைக்கு, அதாவது உரிமையைப் பயன்படுத்தும்போது பங்கு கைமாறும் விலைக்கு, என் பரிந்துரை. சந்தையில் யாரும் உட்கார்ந்து பேரம் பேசுவதில்லை, 95, 100, 105 என்று சந்தையே அடுக்கி வைத்திருக்கிறது என்ற மறுப்பு வரும். அது உண்மைதான். ஆனாலும் இருவரும் ஒப்புக்கொண்டுவிட்ட, இனி மாறாத விலை என்ற பொருள் ‘பேசிய விலை’யில் சட்டென்று கிடைக்கிறது. குறிவிலை என்று வைத்தால் இலக்கு விலையோடு குழம்பும்.

> பிரீமியத்துக்கு முன்பணம் என்றே சொல்லிவிடலாமே?

பிரீமியம் என்பது உரிமையை வாங்கக் கொடுக்கும் காசு, மேலே சொன்ன அந்த 6. அதை முன்பணம் என்று சொல்லக் கூடாது என்பேன். முன்பணம் கொடுத்தால் பிற்பாடு மொத்தத் தொகையில் கழித்துக்கொள்வார்கள். இங்கே அப்படிக் கிடையாது. 6 கொடுத்தவர் உரிமையைப் பயன்படுத்தும்போது முழு 100-ஐயும் கொடுத்துத்தான் பங்கை வாங்கவேண்டும். கட்டணம் என்ற சொல்லும் பொருந்தவில்லை, கட்டணம் என்றால் யாரோ நிர்ணயித்து வைத்தது மாதிரி இருக்கிறது. இதுவோ பங்கு விலை அசைய அசைய, நாள் குறையக் குறைய ஏறி இறங்குகிற விலை. இன்று 6-க்கு வாங்கியதை நாளை 9-க்கு இன்னொருவருக்கு விற்றுவிட்டு வெளியே வரலாம். ஆகவே ‘உரிமை விலை’ என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

அந்த உரிமை விலைக்குள் இரண்டு பகுதி உண்டு. பங்கு இப்போது 104, பேசிய விலை 100 என்றால் வாங்குரிமையை இந்த நிமிடமே பயன்படுத்தினால் கிடைப்பது 4. அது உள்மதிப்பு. சந்தையில் அந்த உரிமை 7-க்குப் போகிறது என்றால் மீதி 3 காலமதிப்பு, இன்னும் நாள் இருக்கிறது, ஏறலாம் என்ற நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை. கடைசி நாள் நெருங்க நெருங்கக் காலமதிப்பு கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். இந்த இரண்டு சொற்களும் ஏற்கெனவே சிலர் பயன்படுத்துவதுதான், நன்றாக இருக்கின்றன, மாற்றவேண்டாம்.

இவற்றை வைத்தே இன்னொரு சிக்கலையும் தீர்க்கலாம். உள்மதிப்பு இருக்கும் உரிமையை ஆங்கிலத்தில் ‘இன் த மணி’ என்கிறார்கள், இல்லாததை ‘அவுட் ஆஃப் த மணி’ என்கிறார்கள். அவற்றைப் ‘பணத்துக்குள்’, ‘பணத்துக்கு வெளியே’ என்று பெயர்ப்பதில் தமிழும் இல்லை, பொருளும் இல்லை. அதற்கு மாற்றாக ஒருவர் சொன்ன ‘இலாப நிலை’ இன்னும் ஆபத்தானது. 100-க்கான வாங்குரிமையை 6 கொடுத்து வாங்கியவர், கடைசி நாளில் பங்கு 104-இல் நின்றால், அந்த ‘இலாப நிலை’யில் இருந்துகொண்டே 2 நட்டப்படுகிறார்! அவருக்குச் சமன் வருவது 106-இல்தான். அதனால் உள்மதிப்புள்ள உரிமை, உள்மதிப்பற்ற உரிமை, பங்கின் விலையும் பேசிய விலையும் ஒன்றாக இருக்கும்போது விலையொத்த உரிமை என்று சொல்லலாம். நீளம்தான், ஆனால் பொய் சொல்லவில்லை.

எக்ஸ்பைரிக்கு, அதாவது உரிமை முடியும் கடைசி நாளுக்கு, காலாவதி என்பது பரவிவிட்டது. நான் ‘கெடு நாள்’ என்று எழுதிவருகிறேன். இந்த நாளுக்குள் முடி என்ற அழுத்தம் அதில் இருக்கிறது. இதில் பிடிவாதம் இல்லை. ஆனால் அமெரிக்க வகை, ஐரோப்பிய வகை என்ற பிரிவுக்கு இது உதவும். இந்தப் பெயர்களுக்கும் வியாபாரம் நடக்கும் நாட்டுக்கும் தொடர்பில்லை, முதலாவதைக் கெடு நாள்வரை என்றைக்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், இரண்டாவதைக் கெடு நாளில் மட்டும், அவ்வளவுதான். எந்நாள் வகை, கெடுநாள் வகை என்று வைத்துவிட்டால் விளக்கமே வேண்டாம்.

உரிமை விலை எதனால் எவ்வளவு அசையும் என்பதைக் காட்டும் அளவுகளான டெல்டா, தீட்டா, வேகா இவற்றைத் தொடவேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

விற்புரிமை என்ற சொல்லுக்காக இன்னும் ஒன்று சொல்லவேண்டும். புட் என்றாலே விலை விழும் என்று கட்டும் பந்தயம் என்றுதான் பல அறிமுகக் கட்டுரைகள் தொடங்குகின்றன. பங்கைக் கையில் வைத்திருப்பவருக்கு அது காப்பு. 100-க்கு வாங்கிய பங்கு கையில் இருக்கிறது, 95-க்கு விற்கும் உரிமையை 2 கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டால், கெடு நாள்வரை பங்கு 40-க்கே போனாலும் அவருக்கு நட்டம் 7-ஐத் தாண்டாது. ‘இன்ன விலைக்கு விற்க எனக்கு உரிமை உண்டு’ என்று பெயரே சொல்லும்போது புதியவருக்கு இந்தப் பயன் முதலிலேயே கண்ணில் படும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. உரிமையாளர் தன் உரிமையைப் பயன்படுத்தும்போது, அதே உரிமையை விற்றவர்கள் பலர் இருப்பார்கள், அவர்களில் யார் நிறைவேற்றவேண்டும் என்பதை, சந்தையின் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்துவைக்கும் தீர்வு மையம் தேர்ந்தெடுக்கும். இதை அசைன்மென்ட் என்கிறார்கள். ஒதுக்கீடு என்றால் புதுப் பங்கு வெளியீட்டில் கிடைக்கும் ஒதுக்கீடு மாதிரி, ஏதோ நல்லது கிடைத்தது போலாகிவிடுகிறது. இங்கே நடப்பது பொறுப்பு ஒருவர் தலையில் வந்து விழுவது. ‘பொறுப்புச் சாட்டல்’ என்று எழுதிப் பார்த்தேன், குற்றம் சாட்டுவது போன்ற வாடை அடிக்கிறது. வேறு சொல் யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.