பழைய சலூனா, சின்ன ஹாட்ச்பேக்கா? சிங்கப்பூர்லேர்ந்து மலேசியாவுக்கு லாங் ட்ரைவ் போனவங்க அனுபவத்த சொல்லுங்க

பொங்கோல்_குமரன்:

சுருக்கமா சொல்லிடறேன். சித்தப்பா 83 மாடல் ஜெர்மன் சலூன் வச்சிருக்கார், மேனுவல், பழங்கால வண்டிங்களுக்கான கிளாசிக் ஸ்கீம்ல ஓடுது. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் கிளட்ச் மிதிக்க முடியல, நீயே எடுத்துக்கடாங்கறார். எங்ககிட்ட இருக்கறது 1.3 ஹாட்ச்பேக், இந்த வருஷக் கடைசில சிஓஇ (கார் வச்சுக்கறதுக்கான பத்து வருஷ உரிமம்) முடியுது. புதுசு வாங்கற பேச்சே இல்ல, சின்ன காருக்கான ஏ கேட்டகிரி சிஓஇ 2025லயே லட்சம் வெள்ளியத் தாண்டிருச்சு. அதனால ஹாட்ச்பேக்குக்கே பிக்யூபி (சிஓஇ புதுப்பிக்கற கட்டணம்) கட்டி அஞ்சு வருஷம் நீட்டிக்கறதா, இல்ல அத ஸ்க்ராப் பண்ணிட்டு சித்தப்பா வண்டிய எடுத்துக்கிட்டு வேலைக்கு எம்ஆர்டி ரயில்ல போறதா? உள்ளூர்ல எங்களுக்கு கார் அவ்வளவா தேவையில்ல, ஈப்போ பினாங்குன்னு போறதுக்குத்தான்.

நோன்புப் பெருநாள் லீவுக்கு சித்தப்பா வண்டிய வாங்கிட்டுப் போனோம், நான், வீட்டுக்காரி, மக, அம்மா. உட்லண்ட்ஸ் பாலத்துல வழக்கமான ஜாம்தான், ஆனா நின்னு நின்னு டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறிக்கிட்டே இருக்கு. சித்தப்பாவுக்கு போன் போட்டா ஏர்கான ஆஃப் பண்ணு, ஹீட்டர முழுசா திறந்து விடுங்கறார். மத்தியானம் ஒரு மணி வெயிலு, நாலு கண்ணாடியும் இறக்கிட்டு ஹீட்டர் போட்டு உக்காந்திருக்கோம், அம்மா பட்டுப்புடவையோட பாஸ்போர்ட்ட வச்சு விசிறிக்கிறாங்க, மக “அப்பா ஏன் கார்ல அடுப்பு பத்த வச்சிருக்கீங்க”ன்னு கேக்கறா. பக்கத்து லேன்ல ஒரு குட்டிக் கார், கண்ணாடி ஏத்தியிருக்கு, உள்ள ஒரு பையன் ஜாக்கெட் போட்டுத் தூங்கறான். அம்மா அவனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. என்னைத் திட்டவே இல்ல. திரும்பி வரும்போது ஜொகூர்ல லார்க்கின் பஸ் ஸ்டேஷன்ல இறங்கிட்டாங்க, நான் 170 பஸ்ல வந்துக்கறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க, அவ்வளவுதான். ஆனா ஹைவேல பாகோ தாண்டின அப்புறம் அந்த வண்டி போன போக்கு இருக்கே, அதச் சொல்லி யாருக்கும் புரிய வைக்க முடியல. உங்க கதையச் சொல்லுங்க.

தேக்கா_தம்பி:

ப்ரோ ஹீட்டர் பரவாயில்ல. நமக்கு முக்கா டாங்க்.

பாலம் தாண்டற சிங்கப்பூர் வண்டில பெட்ரோல் முக்கா டாங்க் இருக்கணும்ங்கறது 1991லேர்ந்து இருக்கற ரூல், எல்லாருக்கும் தெரியும். என் வண்டி 80கள்ல வந்த ஒரு கூப்பே, டாங்க்குக்குள்ள இருக்கற மிதவை மக்கர் பண்ணும், ஃபுல்லா அடிச்சாலும் முள்ளு பாதில நிக்கும், எனக்கு அது பழக்கம். அன்னிக்கு துவாஸ் செக்பாயிண்ட்ல ஒரு ஆபிசர் அம்மா குனிஞ்சு டேஷ்போர்டப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, திரும்ப டேஷ்போர்டப் பாத்தாங்க. ஃபுல் டாங்க் மேடம், இப்பதான் அடிச்சேன்னு ரசீது தேடறேன், ரசீது எங்க போச்சுன்னே தெரியல, பின்னாடி ஹார்ன் அடிக்கறானுங்க. அப்ப என் ஃப்ரெண்டு கைய நீட்டி விரல் முட்டியால கேஜ் கண்ணாடிய டொக்குன்னு ஒரு தட்டு தட்டினான் பாருங்க, முள்ளு துள்ளி எஃப்ல போய் நின்னுச்சு. அந்தம்மா சிரிக்கல. இன்னொரு தடவ தட்டுங்கன்னாங்க. தட்டினான். அங்கயே நின்னுச்சு. போங்கன்னு கைய காட்டிட்டாங்க.

இப்பவும் அத நெனச்சா வயிறு கலங்குது, தட்டினப்போ முள்ளு கீழ விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்? ஃபைன் 500 வெள்ளி வரைக்கும் போகும், யூ டர்ன் வேற. பழைய வண்டி எடுக்கறவங்க முதல்ல கேஜ சரி பண்ணுங்க.

ஈசூன்_சாரதா:

நான் சின்ன கார் கட்சி. எங்களோடதும் 1.3 தான், நாலு பெரியவங்க, கேமரன் மலைக்குப் போனோம். ஏறும்போது பிரச்சனையே இல்ல, ஏர்கான் கொஞ்சம் மூச்சு வாங்குச்சு, சிவிடி ஆட்டோ கியர்பாக்ஸ் ஓன்னு கத்துச்சு, ஏறிருச்சு. இறங்கும்போது தாப்பா ரோட்ட எடுத்தோம், அது வளைவுக்கு மேல வளைவு, என் கொழுந்தன் ஓட்டறார், டி-லயே போட்டுட்டு பிரேக்க மிதிச்சுக்கிட்டே வர்றார். லாத்தா இஸ்கந்தர் அருவிகிட்ட நிறுத்தி இறங்கினா முன் சக்கரத்துலேர்ந்து தீஞ்ச வாடை, லேசா புகை. ஒரு ஒராங் அஸ்லி (பழங்குடி) தாத்தா பெத்தாய் காய் வித்துக்கிட்டு இருந்தவர் எங்களப் பாத்து, பேசவே இல்ல, ரெண்டு விரலக் காட்டினார். எங்களுக்குப் புரியல. திரும்பக் காட்டினார், அப்புறம் கைய கியர் போடற மாதிரி கீழ இழுத்துக் காட்டினார். ரெண்டாவது கியராம்! நாங்க பெத்தாய் ஒரு கட்டு வாங்கிட்டு அர மணி நேரம் உக்காந்து ஆற விட்டோம், அப்புறம் எல்-ல போட்டு இறங்கினோம், பிரேக்க தொடவே வேண்டியில்ல.

இதே பழைய கார்னா என்ன ஆயிருக்கும்? எனக்கு நெனச்சுப் பாக்கவே வேண்டாம். குமரன், குழந்தைய வச்சுக்கிட்டு ஏர்பேக் இல்லாத வண்டில ஹைவேல 110ல போறது சரியில்லங்கறது என் கருத்து. அம்மா பஸ்ல போனதே பதில்.

பழைய_வண்டி_மாமா:

சாரதாம்மா, நீங்க சொன்ன கதைல தப்பு காரு மேல இல்ல, கொழுந்தன் காலு மேல. பழைய மேனுவல் வண்டியா இருந்தா ரெண்டாவது கியர்ல தானா இறங்கியிருக்கும், யாரும் விரல் காட்ட வேண்டியிருக்காது. அடுத்த தடவ சிம்பாங் புலாய் வழியா போங்க, ரோடு அகலம், வளைவு கம்மி.

குமரன் தம்பி, நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன். உன் சித்தப்பா ஹீட்டர் போடச் சொன்னது சரிதான், ஹீட்டருக்குள்ள இருக்கறதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இஞ்சின் சூட்ட வண்டிக்குள்ள இழுத்து விடும். ஆனா அது முதலுதவி. உண்மையான வியாதி என்னன்னா அந்தக் காலத்து ஃபேன் இஞ்சினோட பெல்ட்ல சுத்தறது, வண்டி நின்னா இஞ்சின் மெதுவா ஓடும், ஃபேனும் மெதுவா சுத்தும், காத்து வராது. ஓடும்போது எல்லாம் சரியா இருக்கும், ஜாம்ல மட்டும் கொதிக்கும். நடுவுல இருக்கற விஸ்கஸ் கிளட்ச் தேஞ்சு போயிருந்தா இன்னும் மோசம், அத முதல்ல மாத்து. அப்பவும் சரியாகலன்னா ஒரு எலக்ட்ரிக் ஃபேன் கூடுதலா போடு, ஒரிஜினாலிட்டி போச்சுன்னு க்ளப்காரங்க முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும். ரேடியேட்டர் கேப்ப மாத்து, அது பிரஷர் பிடிக்கலன்னா தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும், அஞ்சு பத்து வெள்ளி சமாச்சாரம். சூடா இருக்கும்போது மூடிய திறக்காத. ஜாம்ல வண்டி அணைஞ்சு திரும்ப ஸ்டார்ட் ஆகலன்னா அது பேட்டரி இல்ல, கார்புரேட்டருக்குப் போற பெட்ரோல் பைப்லயே ஆவியாயிருக்கும், பானட்டத் திறந்து வச்சு ஆற விடு, தானா எடுக்கும்.

அப்புறம் டயர். கிளாசிக் ஸ்கீம் வண்டி வருஷத்துக்கு 45 நாள்தான் ஓடும், அதனால பட்டன் புதுசாவே இருக்கும், ரப்பர் செத்துப் போயிருக்கும். சைடுல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம், 1916ன்னு இருந்தா 2016ல 19ஆவது வாரம் செஞ்சது, அத வச்சுக்கிட்டு நார்த் சவுத் ஹைவேல ஏறாத. பிரேக் ஆயிலும் அப்படித்தான், ஓடலன்னாலும் ஈரத்த இழுத்துக்கும், மலைல இறங்கும்போது அது கொதிச்சா பெடல் தரைக்குப் போயிரும். ஏர்கான் பழைய ஆர்12 கேஸுக்கு டிசைன் பண்ணது, இப்ப 134ஏ போட்டிருப்பாங்க, அந்தக் குளிர்ச்சி வராது, அத மனசுல வச்சுக்க. பெல்ட் ஒண்ணு, மேல் ஹோஸ் ஒண்ணு, கிளிப்பு நாலு, தண்ணி அஞ்சு லிட்டர் டிக்கில வை.

என் அனுபவம்னா பெருசா ஒண்ணுமில்ல. மாச்சாப்ல ஒரு தடவ ஹோஸ் வெடிச்சுது, ஹைவே நடத்தற ப்ளஸ் கம்பெனி ரோந்து வண்டிக்காரங்க வந்து அடுத்த எக்சிட் வரைக்கும் இழுத்துட்டுப் போய் விட்டாங்க, காசு வாங்கல.

செங்காங்_சிவா:

மாமா கதைய விட அட்வைஸ் நீளம் 😂

ஏர்பேக் பேச்சுக்கு ஒண்ணு. பழைய வண்டின்னா பாதுகாப்பே இல்லன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன், மூணு பாயிண்ட் பெல்ட்ட வால்வோ 1959லயே கொண்டு வந்துட்டாங்க, அவங்களோட 240 மாடல்ல பின்சீட்டுக்கும் இருக்கு. அதே சமயம் சிங்கப்பூர்ல 1.35 மீட்டருக்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு சைல்டு சீட் கட்டாயம், சில பழைய வண்டில பின்னாடி பெல்ட்டே கிடையாது, சீட்ட எதுல கட்டுவீங்க? சைல்டு சீட்ட மாட்டற ஐசோஃபிக்ஸ் கொக்கிய நெனச்சே பாக்காதீங்க. குமரன் உங்க வண்டில பின்னாடி என்ன பெல்ட் இருக்குன்னு முதல்ல பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

எனக்கு நடந்தது சின்ன கார்ல. ஹைவேல மெனோரா டனல் மேட்டுல லாரிய ஓவர்டேக் பண்ண வலது லேனுக்கு வந்துட்டேன், கால தரையோட மிதிச்சாலும் 85க்கு மேல போகல, பின்னாடி எக்ஸ்பிரஸ் பஸ் லைட் அடிக்கறான், இடது பக்கம் லாரி, நானும் லாரியும் கல்யாண ஊர்வலத்துல மாப்பிள்ளையும் பொண்ணும் போற மாதிரி பக்கம் பக்கமா மேட்டு உச்சி வரைக்கும் போனோம். லாரிக்காரர் என்னைப் பாத்து தலைய ஆட்டிக்கிட்டே வந்தார். அந்தத் தலையாட்டல மறக்க முடியல.

கிள்ளான்_பேரன்:

நான் வால்வோ 240 வச்சிருக்கேன், அதனால என் பேச்சு ஒருதலைப்பட்சம்தான். சுங்கை சிப்புட் பக்கம் பெட்ரோல் அடிக்க நிறுத்தினேன். சிங்கப்பூர் பிளேட் பாத்தா மஞ்சள் நாசிலத் தொட விட மாட்டாங்க, 2010லேர்ந்தே நமக்கு ரான் 95 பெட்ரோல் கிடையாது, இந்த பழைய இஞ்சினுக்கு 97 தேவையே இல்ல, இருந்தாலும் அதான் அடிக்கணும். பக்கத்துல ஒரு பெரியவர், கப்சாய்ங்கற சின்ன மோட்டார்சைக்கிள்ல வந்தவர், வண்டியச் சுத்திச் சுத்தி வந்தார். தமிழாங்கன்னார். ஆமாங்கய்யான்னேன். அவங்கப்பா எஸ்டேட்ல தொரைக்கு ட்ரைவராம், இதுக்கு முந்தின மாடல் வால்வோவாம். எல்லாரும் பானட்டத் திறக்கச் சொல்லுவாங்க, இவரு பின் கதவத் திறந்து கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டே நின்னார். ஏறி உக்காருங்கய்யான்னு முன் கதவத் திறந்து விட்டேன். வேணாம்னுட்டு பின்சீட்ல போய் உக்காந்தார். “எங்கப்பன் இருவது வருசம் ஓட்டுனான், ஒரு நாளு இங்க உக்காந்ததில்ல”ன்னார். அப்புறம் இறங்கி கதவ அவரே சாத்தினார், மெதுவா, ரெண்டு கையால.

என்ன சொல்றதுன்னு தெரியாம நான் போய் பெட்ரோலுக்குக் காசு கட்டிட்டு வந்தேன், அதுக்குள்ள போயிட்டார். வண்டிலயே பின்னாடி வச்சுக் கூட்டிட்டுப் போய் ஒரு ரவுண்டு அடிச்சிருக்கலாமோன்னு வீட்டுக்காரம்மா இன்னும் சொல்றாங்க.

குமரனுக்கு உபயோகமா ஒண்ணு சொல்லணும்னா, வால்வோவ 1967லேர்ந்து ஷா ஆலம்ல அசெம்பிள் பண்ணாங்க, அதனால அந்தப் பக்கம் பழைய பார்ட்ஸ் கொஞ்சம் கிடைக்கும். உங்க ஜெர்மன் வண்டிக்கும் ஈப்போல பழைய பட்டறை ஆளுங்க இருக்காங்க.

தேக்கா_தம்பி:

அண்ணே செம.

கணக்குப்_பிள்ளை:

எல்லாரும் உருகிட்டீங்களா, கணக்குக்கு வருவோம். ஹாட்ச்பேக்க அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சா அதோட முடிஞ்சுது, திரும்பப் புதுப்பிக்க முடியாது. பத்து வருஷம் தாண்டினா ரோட் டாக்ஸ்ல 10% கூடும், வருஷா வருஷம் ஏறி 50% வரைக்கும் போகும், இன்ஸ்பெக்‌ஷன் வருஷத்துக்கு ஒரு தடவ. ஸ்க்ராப் பண்ணா கிடைக்கற பிஏஆர்எஃப் ரிபேட்டும் போயிரும். இவ்வளவும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ ஈப்போ போறதுக்கா? பேசாம ஜேபிக்கு (ஜொகூர் பாரு) பஸ்ல போய் அங்க ஒரு மைவி கார வாடகைக்கு எடுங்க. விஇபி (வெளிநாட்டு வண்டிக்கு மலேசியா தர்ற அனுமதி) வேண்டாம், முக்கா டாங்க் வேண்டாம், ஹோஸ் வெடிச்சா வாடகைக்கு விட்டவன் பாடு. உங்கம்மாவுக்கும் 170 பழகிப் போச்சு.

ஈசூன்_சாரதா:

லீவு நாள்ல ஜேபில வாடகை கார் கிடைக்குதான்னு பாத்துட்டுப் பேசுங்க சார். கிடைச்சாலும் சைல்டு சீட்ட பஸ்ல தூக்கிட்டுப் போகணுமா?

மாமா, கொழுந்தன் உங்க பதிலப் படிச்சுட்டார். சிம்பாங் புலாய் ரோடு தனக்கு முன்னாடியே தெரியுமாம்.

பொங்கோல்_குமரன்:

எல்லாருக்கும் நன்றி. சிவா சொன்ன அப்புறம் கீழ போய்ப் பாத்தேன், பின்னாடி ரெண்டு ஓரத்துலயும் மூணு பாயிண்ட் பெல்ட் இருக்கு, நடுவுல இடுப்பு பெல்ட்தான். சைல்டு சீட் ஓரத்துல கட்டிப் பாத்தேன், ஆடல. டயர் நம்பர் பாத்தேன், மாமா, அத நான் இங்க எழுத விரும்பல, நாளைக்கே மாத்தறேன்.

வீட்ல பேசினோம். ஹாட்ச்பேக்க விட்டுடறதுன்னு நானும் வீட்டுக்காரியும் முடிவு பண்ணிட்டோம், கணக்குப்பிள்ளை சொன்ன அந்த அஞ்சு வருஷக் கணக்குதான் காரணம். அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி, ஏர்கான் வேலை செய்யுமா செய்யாதா. எலக்ட்ரிக் ஃபேன் போட்டு சனிக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு பாலம் தாண்டிட்டா செய்யும்னேன். அப்படின்னா ஈப்போ கல்லுமலை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ, முன் சீட்டு எனக்குன்னாங்க.

83 ஜெர்மன் சலூனுக்கு விஸ்கஸ் கிளட்ச் புதுசு யாராவது வச்சிருந்தா பிஎம் பண்ணுங்க. உட்லண்ட்ஸ்ல ஒரு கடைல சொன்ன விலைக்கு நான் ரெண்டாவது ஹாட்ச்பேக் வாங்கிடலாம்.