இறக்கையை நெருங்கும் நீர்த்துளி உருமாறுவதைக் கணக்கில் சேர்ப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். உறைநிலைக்குக் கீழும் திரவமாகவே இருக்கும் மேகத்துளிகள் விமான இறக்கையின் முன்விளிம்பில் எங்கே மோதும் என்பதைக் கணிக்கும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். துளியைக் கடைசிவரை கோளமாகவே கொள்ளலாமா?

பதில் 1:
துளியின் அளவைப் பொறுத்தது. 20 மைக்ரான் துளி கோளமாகவே இருக்கும். 500 மைக்ரான் துளியோ தட்டையாக விரியும், உடையவும் கூடும். துளியை உருக்குலைக்கும் காற்றின் விசைக்கும் அதைக் கோளமாக வைத்திருக்கும் பரப்பு இழுவிசைக்கும் உள்ள விகிதமே வெபர் எண். அதில் விமானத்தின் வேகத்தை அப்படியே இடாதீர்கள். தொலைவில் துளியும் காற்றும் சேர்ந்தே இருப்பதால், முன்விளிம்பருகே காற்று விலகி ஓடும்போதுதான் இரண்டுக்கும் இடையே வேக வேறுபாடு பிறக்கிறது, அதையே இட வேண்டும்.

பதில் 2:
காலத்தையும் பாருங்கள். டெய்லர் ஒப்புமை மாதிரியில் துளி ஒரு சுருள்வில். பரப்பு இழுவிசை மீட்புவிசை, பாகுநிலை தணிப்பு, காற்றின் அழுத்தம் புறவிசை. 500 மைக்ரான் துளியின் அலைவுக்காலம் ஏறத்தாழ 1 மில்லிவிநாடி. விநாடிக்கு 90 மீட்டர் வேகத்தில் வரும் இறக்கை அதற்குள் 9 சென்டிமீட்டர் நெருங்கிவிடும். ஆகவே அந்தந்தக் கணத்து வெபர் எண்ணைக் கொண்டே வடிவத்தை முடிவுசெய்வது போதாது. வடிவச் சமன்பாட்டையும் பாதைச் சமன்பாட்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். தட்டையாகும்போது இழுவைக் கெழு (காற்று துளியை எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.4 அளவிலிருந்து 1.2 நோக்கி உயர்வதை விட்டுவிடாதீர்கள். மோதும் இடத்தை மாற்றுவது அதுதான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மோதியபின் சிதறுவதையும் இதிலேயே சேர்க்கலாமா?

பதில் 2:
வேண்டாம். அதற்குத் தனி மாதிரி வையுங்கள். மோதும் கணத்து வேகத்தையும் விட்டத்தையும் மட்டும் அதற்குக் கொடுங்கள்.