மறு: ‘நெட் டை’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம். மின்சுற்றுப் பலகை வடிவமைக்கும் மென்பொருளில், மின்னால் இணைந்த பின்களுக்குச் சேர்த்து வைக்கும் பெயர் ‘நெட்’. இரண்டு நெட்களை வேண்டுமென்றே ஓரிடத்தில் சேர்ப்பது ‘நெட் டை’. இதற்குத் தமிழில் வந்த யோசனைகளுக்கு என் பதில்:

> வலைப்பாலம் என்று வைத்துவிடலாமே. இரண்டு வலைகளைச் சேர்ப்பதுதானே அதன் வேலை?

பாலம் வேண்டாம் என்பேன். நான்கு டையோடுகள் கொண்ட பாலத் திருத்தி பாடநூலிலேயே இருக்கிறது. பற்றவைக்கும்போது ஈயம் வழிந்து பக்கத்துப் பின்னைத் தொட்டுவிட்டால் அதையும் பாலம் என்றுதான் சொல்கிறோம். அது பிழை. நாம் பெயர் தேடுவதோ வேண்டுமென்றே செய்யும் ஒன்றுக்கு. ‘வலை’ இணையத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அதையும் விட்டுவிடலாம்.

> நெட் என்பது கணுதானே? கணுப்பிணைப்பு?

முதலில் எனக்கும் இது பிடித்திருந்தது. ஆனால் சிக்கல் இங்கேதான். சுற்றுக் கோட்பாட்டில் கம்பிக்குத் தடை கிடையாது. ஏஜிஎன்டி (அனலாக் பகுதியின் தரை), ஜிஎன்டி (பொதுத் தரை, அதாவது மின்னழுத்தத்தின் பூஜ்யப் புள்ளி) இரண்டையும் சேர்த்துவிட்டால் அவை ஒரே கணு, சுற்றில் ஒரே புள்ளி. சுற்றுப்படத்தில் ஒரே கம்பிக்கு இரண்டு பெயர் வைத்தால் பலகை வடிவமைக்கும் மென்பொருளான கீகேட்டும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது: எச்சரித்துவிட்டு ஒரு பெயரை வைத்துக்கொள்ளும், மற்றது போய்விடும். நமக்கு வேண்டியது இரண்டு பெயர்களும் பிழைத்திருப்பது.

ஏன் என்றால் பலகையில் உள்ள செம்புக்குத் தடை உண்டு. 35 மைக்ரான் செம்பில் ஒரு சதுரத்துக்கு (நீளமும் அகலமும் சமமான துண்டுக்கு) சுமார் அரை மில்லி ஓம். 1 மி.மீ. அகலம், 10 மி.மீ. நீளமுள்ள தடம் பத்துச் சதுரம், அதாவது 5 மில்லி ஓம். மின்னோட்டம் அளக்க 10 மில்லி ஓம் தடையை வைத்துவிட்டு, அளவிடும் கம்பியை அந்தத் தடத்தின் மறுகோடியில் பிடித்தால் அளவு 50 சதவீதம் கூடிவிடும். கம்பி தடையின் பேடிலிருந்தே (அதைப் பற்றவைக்கும் செம்புத் திட்டிலிருந்தே) கிளம்ப வேண்டும். கம்பிக்கும் தடத்துக்கும் ஒரே பெயர் என்றால் மென்பொருள் இதைக் காக்காது. பலகையின் காலியிடங்களில் செம்பு நிரப்பும்போது அந்தக் கம்பியை அப்படியே விழுங்கிவிடும். வேறு பெயர் கொடுத்தாலோ, சேருமிடத்தில் குறுக்குச்சுற்று என்று விதிச் சரிபார்ப்பு கத்தும். இந்த ஓரிடத்தில் மட்டும் தொடலாம் என்று அனுமதி கொடுப்பதுதான் நெட் டை. 2023-இல் வந்த கீகேட் 7-இலிருந்து, எந்தெந்த பேடுகள் சேரலாம் என்று தடவடிவத்திலேயே (உறுப்பு பலகையில் அமரும் பேடுகளின் அமைப்பிலேயே) குறித்துவிடலாம். ஆல்டியம் என்ற இன்னொரு மென்பொருளில் இதற்கென்றே ஒரு உறுப்பு வகை இருக்கிறது. (பூஜ்ய ஓம் தடை வேறு. அது வாங்கிப் பற்றவைக்கும் பொருள், பிறகு கழற்றலாம். இது வெறும் செம்பு.)

ஆக, சொல்லில் இரண்டு குணம் வேண்டும்: சேர்பவை தனித்தனியாகவே நிற்க வேண்டும், சேருமிடம் குறிப்பாக இருக்க வேண்டும். யாப்பில் இதற்குச் சொல் இருக்கிறது: தளை. நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் சந்திக்கும் இடத்தில்தான் தளை. சீர்கள் இரண்டும் கலந்துவிடுவதில்லை. தளை என்றால் விலங்கு என்ற பொருளும் உண்டுதான். ஆனால் வெண்டளை படித்த யாருக்கும் அது இடறியதில்லை.

‘நெட்’டை அப்படியே விட்டுவிடலாம். பலகை வடிவமைக்கும் எல்லோரும் நெட் என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு நல்ல சொல் கிடைக்கும்வரை காத்திருந்தால் இதுவும் நின்றுவிடும். எனவே என் முன்மொழிவு நெட்தளை. வினையாக ‘தளைத்தல்’ வேண்டாம், பேச்சில் ‘தழைத்தல்’ ஆகிவிடும். ‘தளையிடு’ போதும்.

மொழிபெயர்ப்பில் வைத்துப் பார்த்தேன்:

“நெட்தளைக்கு வெளியே இரு நெட்கள் தொடுகின்றன.”

“ஏஜிஎன்டி, ஜிஎன்டி இரண்டையும் ஏடிசிக்கு அடியில் தளையிடவும்.”

(ஏடிசி என்பது அனலாக் அளவை எண்ணாக மாற்றும் சில்லு.) படிக்கும்போது தடுக்கவில்லை. மூன்று தரைகள் ஒரு புள்ளியில் சேரும் வகைக்கு ‘முத்தளை’ என்று போடலாமா, அல்லது ‘நெட்தளை 3’ என்று எண்ணோடு விடலாமா? மென்பொருளின் உறுப்பு நூலகத்தில் அகரவரிசையில் தேடுபவருக்கு எண்தான் எளிது என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.